குட்டி ரயில் ஞாயிறு: டர்பனில் குடும்பத்தோடு ஏறுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பூங்காவுக்குள் நுழைந்ததும் குடும்பம் மொத்தமும் டிக்கெட் வரிசைக்கு ஓட வேண்டாம். ஒருவர் வரிசையில் நிற்கட்டும். மற்றவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எஞ்சின்களுக்குத் தீ மூட்டும் இடத்துக்குப் போங்கள். அன்றைய நாளின் பாதி அங்கேதான் இருக்கிறது. ரயிலில் ஏறிய பிள்ளைக்கு முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். தீ மூட்டும் இடத்தில் நின்ற பிள்ளை, கரி எரிவதையும் தண்ணீர் கொதிப்பதையும் ஆவி சக்கரத்தைத் தள்ளுவதையும் ஒரே இடத்தில் பார்த்துவிடும்.

தென்னாப்பிரிக்காவின் பூங்காக்களில் ஓடும் குட்டி ரயில்கள் இரண்டு வகை. ஒன்று பெட்ரோல் எஞ்சினிலோ பேட்டரியிலோ ஓடும் வாடகை ரயில். கேப் டவுனில் மூயி பாயிண்ட் கடலோரம் ஓடும் நீல ரயிலைப் போல, சிறுபிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடும். மற்றொன்று, பொழுதுபோக்குக்காக எஞ்சின் கட்டுகிறவர்களின் சங்கங்கள் நடத்தும் தடம். டர்பனில் விர்ஜீனியா பகுதியிலும், ஜோஹன்னஸ்பர்க் பக்கம் ஃப்ளோரிடாவின் லென் ரட்டர் பூங்காவிலும், போர்ட் எலிசபெத்தின் (இன்றைய பெயர் கெபெர்ஹா) லாண்ட் பூங்காவிலும் இப்படிப்பட்ட தடங்கள் உண்டு. இங்கே ஓடுவதில் பல எஞ்சின்கள் உண்மையான நிலக்கரி நீராவி எஞ்சின்கள். அவற்றை ஓட்டுகிறவர்களில் பலர் அவற்றைத் தாங்களே பல வருஷ மாலைப் பொழுதுகளைச் செலவழித்துக் கட்டியவர்கள். இந்தச் சங்கங்கள் வாரம் முழுக்கத் திறந்திருப்பதில்லை. மாதத்தில் குறிப்பிட்ட சில ஞாயிறுகள்தான். மழை பெய்தால் அதுவும் இல்லை. ஆகவே பிள்ளைகளிடம் சொல்லுமுன் சங்கத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். சொன்னபிறகு இல்லையென்றால் அந்த அழுகையைச் சமாளிக்க முடியாது.

இங்கே எழுதுவது நீராவித் தடத்தைப் பற்றி.

தீ மூட்டும் இடத்தில் என்ன பார்ப்பது? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புகைபோக்கி தானாகக் காற்றை இழுக்காது. அதனால் புகைபோக்கியின் வாயில் ஒரு சின்ன மின்விசிறியை வைத்து, உள்ளே காற்றை இழுக்கவைப்பார்கள். அது 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் விசிறி. மின்வெட்டு (லோட் ஷெடிங்) நாளிலும் வேலை செய்யும். முதலில் பாரஃபினில் ஊறிய கரித்துண்டுகள் அல்லது மரச்சில்லுகள், அது பிடித்ததும் நிலக்கரி. அரை மணி அளவில் அழுத்தமானியின் முள் ஏறத் தொடங்கி, சதுர அங்குலத்துக்கு 80 முதல் 100 பவுண்டு வரை போகும். 100 பவுண்டில் கொதிகலனுக்குள் இருக்கும் தண்ணீரும் ஆவியும் சுமார் 170 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கின்றன. வீட்டில் கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்குச் சொன்னால், கையை ஏன் நீட்டக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய ரயிலில் புகைபோக்கி நம் தலைக்கு மேலே இருக்கும். இங்கே அது சரியாக மூன்று வயதுப் பிள்ளையின் கை உயரத்தில் இருக்கிறது. சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். ஐஸ், வெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம்.

எஞ்சின் ஓட்டுகிறவரிடம் பேசலாம். மகிழ்ந்து பேசுவார்கள். "எத்தனை பவுண்டு அழுத்தத்தில் ஓடும்? கொதிகலன் செம்பா, எஃகா?" என்று பிள்ளையை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். நல்ல கேள்வி கேட்ட பிள்ளைக்கு விசில் கயிற்றை இழுக்கும் வாய்ப்பு கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் அவர் நீர்மட்டக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசாதீர்கள். கொதிகலனின் பக்கத்தில் நிற்கும் அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எவ்வளவு தெரிகிறது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தண்ணீர் குறைந்து, கரி எரியும் அறையின் மேல்தகடு காய்ந்துபோனால் கொதிகலனே கெட்டுவிடும்.

இதைத் தெரிந்து வைத்திருந்தால் இன்னொன்றும் விளங்கும். ரயில் சில நேரம் நடுவழியில் நின்றுவிடும். பின்னால் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். பழுது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் டிரைவர் அழுத்தம் ஏறக் காத்திருக்கிறார், அல்லது தண்ணீர் ஏற்றுகிறார். தண்ணீரைக் கொதிகலனுக்குள் தள்ளும் இன்ஜெக்டர் என்ற கருவிக்கு உள்ளே வரும் தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும். டர்பனின் ஜனவரி வெயிலில் தொட்டித் தண்ணீர் சூடேறிவிட்டால் இன்ஜெக்டர் அடம்பிடிக்கும், தண்ணீரை உள்ளே தள்ளாமல் கீழே கொட்டும். அப்போது கைப்பம்பைப் பிடித்து அடிப்பார்கள். மூன்று, நான்கு நிமிஷம். இறங்காமல் உட்கார்ந்திருங்கள்.

இனி ஏறுவது. கவனம் தேவைப்படும் இடம் இதுதான்.

சங்கத் தடங்களில் அதிகம் காணப்படும் அகலங்கள் இரண்டு: 5 அங்குலம், அதாவது 127 மி.மீ.; 7¼ அங்குலம், அதாவது 184 மி.மீ. இந்த நாட்டின் பெரிய ரயில் 1067 மி.மீ. அகலத்தில் ஓடுகிறது. 5 அங்குலத் தடத்தில், நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கத் தண்டவாளம் 63 மி.மீ. தூரந்தான். பெரியவர் கையில் நான்கு விரலைச் சேர்த்து வைத்த அகலம்கூட இல்லை. நீங்களும் பெட்டியும் சேர்ந்த மொத்த எடையின் மையம் அந்த 63 மி.மீ.யைத் தாண்டி வெளியே போனால் பெட்டி சாயத் தொடங்கும். பெட்டியின் எடை முப்பது நாற்பது கிலோ, உங்கள் எடை எண்பது கிலோ என்றால், சாய்வதையும் சாயாததையும் தீர்மானிப்பது பெட்டி அல்ல, நீங்கள்தான். பின்னால் வரும் பிள்ளையைப் படம் எடுக்க உடம்பைத் திருப்பிப் பக்கவாட்டில் வளைகிறார்களே, தடம் புரளுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். உயர்த்தப்பட்ட தடங்கள் சிலவற்றில் பெட்டி சாயாமல் பிடிக்கும் கம்பி அடியில் இருக்கும். அதை நம்பி வளைய வேண்டாம்.

உட்காரும் முறை இது. குதிரை மேல் உட்காருவதுபோல் இரண்டு பக்கமும் கால் போட்டு, முகம் முன்னால் பார்க்க, கால்கள் மிதிபலகையின் மேல். பக்கவாட்டில் கால் தொங்கப்போட்டு உட்காரவே கூடாது. சின்னப் பிள்ளையை மடியில் தூக்கி வைக்காதீர்கள். எடை மையம் மேலே ஏறிவிடும். பெரியவரின் முழங்கால்களுக்கு நடுவே, இருக்கையின் மேலேயே பிள்ளை உட்காரட்டும். பெரியவர் பின்னால் இருந்து இடுப்பைப் பிடித்துக்கொள்ளட்டும். எப்போதும் பிள்ளை முன்னால், பெரியவர் பின்னால். இரண்டு பிள்ளைகளைத் தனியாக ஒரு பெட்டியில் ஏற்றிவிட்டு அப்பா அம்மா அடுத்த பெட்டியில் உட்காருவதைப் பார்த்தால், ரயிலைக் கவனித்துக்கொள்ளும் கார்டு மாற்றி உட்காரச் சொல்வார். அதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எடையைப் பங்கிடுவதும் கார்டின் வேலை. பாரமானவர்களை எஞ்சினுக்கு அடுத்த பெட்டிகளிலும் லேசானவர்களைப் பின்னாலும் உட்காரவைப்பார். நடுவில் காலிப் பெட்டியோ மிக லேசான பெட்டியோ இருந்து, கடைசியில் பாரம் இருந்தால், வளைவில் எஞ்சின் முன்னால் இழுக்க, கடைசிப் பெட்டிகள் பின்னால் இழுக்க, நடுவில் இருக்கும் லேசான பெட்டி வளைவின் உள்பக்கம் இழுபட்டுத் தடத்தை விட்டு எழும்பும். "நான் என் அண்ணியோடுதான் உட்காருவேன்" என்று அடம்பிடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எத்தனை பேரை இழுக்கும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். இப்படிக் கணக்குப் போட்டுக் காட்டலாம். எஞ்சினின் ஓட்டுச் சக்கரங்கள் மேல் 100 கிலோ எடை இருந்தால், காய்ந்த தண்டவாளத்தில் அதன் பிடி ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ இழுவிசை. பெட்டிகளும் பத்துப் பேரும் சேர்ந்து 1000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் அந்த ஏற்றத்துக்கு மட்டும் 10 கிலோ விசை வேண்டும். சக்கரங்கள் உருளவும் வளைவில் உராயவும் இன்னும் பத்து, பன்னிரண்டு கிலோ. கூட்டிப் பாருங்கள், விளிம்பில் நிற்கிறது. இனி தண்டவாளத்தில் காலைப்பனியோ, எண்ணெயோ, நசுங்கிய இலையோ இருந்தால் பிடி பாதியாகக் குறையும். சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும். நன்றாகப் பெய்த மழை தண்டவாளத்தைக் கழுவிவிடும். தூறல்தான் மோசம், அழுக்கையும் எண்ணெயையும் குழைத்துப் பூசிவிடும். அப்படிச் சுற்றும்போது "தள்ளலாமா?" என்று கால் ஊன்ற வேண்டாம். கால் கீழே பட்டால் பின்னால் மடங்கிப் பெட்டிக்கு அடியில் போகும்.

வரிசை எவ்வளவு நேரம் என்பதையும் இதேபோல் கணக்கிடலாம். தடம் 500 மீட்டர் சுற்று, வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு நான்கு நிமிஷத்துக்குச் சற்று மேல். ஏற்றி இறக்க இன்னும் நான்கு. ஆகப் பத்து இருக்கை ரயில் ஒன்று மணிக்கு எழுபது, எழுபத்தைந்து பேரைத்தான் சுமக்கும். முன்னால் அறுபது பேர் நின்றால் முக்கால் மணிக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆகவே திறந்த அரை மணிக்குள் வந்துவிடுங்கள். பதினொரு மணிக்குப் பிறந்தநாள் கூட்டங்கள் வந்து சேரும். முடியும் நேரத்தில் வருவதும் வீண்; கடைசி அரை மணியில் டிரைவர் புதுக் கரி போடமாட்டார், இருக்கும் தீயை வைத்து முடிக்கத்தான் பார்ப்பார். சில்லறை ரேண்டு கையில் இருக்கட்டும், வங்கி அட்டை இயந்திரம் எல்லா இடத்திலும் இருக்காது.

எந்த மாதம்? டர்பனில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. மழை குறைவு, வெயில் இதம், குளிர்ந்த காற்றில் ஆவி வெள்ளையாகத் திரண்டு நிற்கும். கோடை நண்பகலில் அதே ஆவி வெளியே வந்ததும் காற்றில் கரைந்துவிடும், கண்ணுக்கே தெரியாது. ஒரு சிக்கல் உண்டு: நம் ஆடி மாதம் அதற்குள்தான் வருகிறது, மாரியம்மன் கஞ்சி ஊற்றும் ஞாயிறுகளும் அப்போதுதான். கோயிலில் பூசை முடித்துவிட்டு நேரே ரயிலுக்குப் போகும் குடும்பங்கள் பல. போகலாம், ஆனால் காரில் மாற்றுத்துணி இருக்கட்டும். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் நிலைமை வேறு. அங்கே கோடைப் பிற்பகலில் இடி மின்னல் வரும், காலையிலேயே முடித்துவிட வேண்டும். குளிர்காலத்தில் புல் காய்ந்து கிடக்கும், தீப்பொறிக்குப் பயந்து சில நாள் நீராவியை நிறுத்திவிட்டு பேட்டரி எஞ்சினை ஓட்டுவார்கள். கேப் டவுனில் மழை குளிர்காலத்தில்.

மாற்றுத்துணி ஏன் என்றால், சேலை. இதைப் பற்றிச் சங்கத்துப் பலகைகளில் எழுதியிருக்காது, நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். சக்கரங்கள் தொடைக்கு அடியில், கை நீட்டும் தூரத்தில் சுற்றுகின்றன. முந்தானை, துப்பட்டா, பாவாடை ஓரம், நீண்ட கழுத்துத் துணி எது தொங்கினாலும் அச்சில் சுற்றிக்கொள்ளும். சேலையோடு இருபக்கம் கால் போட்டு உட்காருவதும் முடியாது, அதனால் பக்கவாட்டில் உட்காரத் தோன்றும். அதுதான் கூடாது என்று மேலே சொன்னோம். பாண்ட் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டுங்கள். பருத்தித் துணி நல்லது. நைலான், பாலியெஸ்டர் மேல் தீப்பொறி பட்டால் ஓட்டை விழும். மூடிய செருப்பு அல்லது ஷூ. எஞ்சினுக்கு அடுத்த இரண்டு பெட்டிகளில் உட்காருகிறவர்களுக்குக் கண்ணாடி இருந்தால் நல்லது, கரித்தூள் கண்ணில் விழும். விழுந்தால் கசக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தொப்பி பறந்தால் பறக்கட்டும். அடுத்த சுற்றில் கார்டு எடுத்துக் கொடுப்பார்.

தாத்தா, ஆயாவை ஏற்றுவதற்கு உயர்த்தப்பட்ட தடம் வசதி. இருக்கை ஏறத்தாழ நாற்காலி உயரத்தில் இருக்கும். தரைத் தடத்தில் இருக்கை முழங்காலுக்கும் கீழே. உட்காருவது எளிது, எழுவதுதான் பாடு. முன்னால் ஒருவர் நின்று இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்க வேண்டும், அக்குளில் கை விட்டு இழுக்கக் கூடாது. முழங்கால் அறுவை செய்துகொண்டவர்களும் கர்ப்பிணிகளும் பிளாட்பாரத்திலேயே இருந்து பார்ப்பது நல்லது. அங்கே அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது: சாப்பாட்டுக் கூடையைக் காப்பது. டர்பன் பூங்காக்களில் குரங்குகள் காத்துக்கொண்டே இருக்கும். ரொட்டி மடித்த பொட்டலத்தின் முடிச்சை அவிழ்க்க அவற்றுக்கு ஒரு நொடி போதும். மூடி இறுகும் டப்பாவில் கொண்டுபோங்கள், வாழைப்பழத்தை வெளியே காட்டாதீர்கள், குரங்குக்கு எதையும் கொடுக்காதீர்கள். சமோசா, வடை, ரொட்டியில் சுருட்டிய கறி இவையெல்லாம் ஒரு கையால் சாப்பிட வசதி. புரட்டாசி என்றால் பன்னி சவ், அதாவது குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் கறி வைத்தது. ஆனால் எதையும் ரயிலில் ஏறிச் சாப்பிட வேண்டாம். பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள் பலூனைத் தடத்தின் பக்கம் கட்ட வேண்டாம். அதன் நூல் அச்சில் சுற்றினால் பெட்டியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

தடத்தருகே விளையாடும் பிள்ளைகளைக் கண்ணில் வைத்திருங்கள். தடம் பிரியும் இடத்தில், தண்டவாளத்துக்கும், ரயிலை வழி மாற்ற நகரும் பிரிவுநாக்குக்கும் நடுவே ஒரு சிறு கூழாங்கல் விழுந்தால் போதும், நாக்கு முழுதாக மூடாது; அடுத்த ரயிலின் முன்சக்கரம் ஒரு வழி, பின்சக்கரம் ஒரு வழி போகும். கல் போட்டு நசுங்குகிறதா என்று பார்ப்பது பிள்ளைகளின் இயல்பு. பெரிய ரயிலில் நாணயம் வைத்த கதையைத் தாத்தாக்கள் அங்கே சொல்லாமல் இருப்பது நல்லது.

விசிலுக்குப் பயப்படும் பிள்ளைகள் நிறையப் பேர். முதலில் இருபது முப்பது மீட்டர் தள்ளி நின்று கேட்கட்டும். பிறகு கிட்டே வாருங்கள். புறப்படும்போது மெதுவாக ஊதும்படி டிரைவரிடம் சொன்னால் கேட்பார். சுரங்கம் இருந்தால் ஏறுமுன்பே சொல்லிவிடுங்கள்: "இருட்டு வரும், பத்து எண்ணுவோம், வெளிச்சம் வந்துவிடும்." தமிழில் எண்ணவையுங்கள். வீட்டில் தமிழ் பேச வராத பிள்ளையும் இருட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த சொல் வாயில் ஒட்டுவது இப்படிப்பட்ட இடத்தில்தான். நீராவி என்பது நீர், ஆவி என்று இரண்டு சொல் என்பதை எஞ்சின் பக்கத்தில் நின்று சொல்லிப் பாருங்கள், ஒரு தடவை போதும்.

காத்திருக்கும் நேரத்தில் இன்னொன்றும் சொல்லலாம். தென்னாப்பிரிக்காவில் முதல் நீராவிப் பயணிகள் ரயில் ஓடியது இதே டர்பனில்தான், 1860 ஜூன் 26 அன்று, பாயிண்ட் துறைமுகத்திலிருந்து மார்க்கெட் சதுக்கம் வரை சுமார் மூன்று கிலோமீட்டர். எஞ்சினின் பெயர் நேட்டால். மதராஸிலிருந்து நம்மவர்களை ஒப்பந்தத் தொழிலாளர்களாக ஏற்றிவந்த முதல் கப்பலான ட்ரூரோ அதே துறைமுகத்துக்கு வந்தது அதே வருஷம் நவம்பர் 16. நடுவே ஐந்து மாதம்கூட இல்லை. பின்னாளில் நேட்டால் அரசு ரயில்வே ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பெருமளவில் வேலைக்கு வைத்தது. தண்டவாளக் கட்டையைச் சுமந்தவர்களும் மண் வெட்டியவர்களும் அவர்களில் இருந்தார்கள். ரயில்வே பாரக்ஸ் என்ற தொழிலாளர் குடியிருப்பின் பெயரைத் தாத்தாவோ ஆயாவோ சொல்லிக் கேட்ட குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. குட்டித் தண்டவாளத்தின் சின்னக் கட்டைகளைக் காட்டி, "இதைப்போல எட்டு மடங்கு நீளக் கட்டையைத் தோளில் தூக்கினார்கள்" என்று சொன்னால் பிள்ளைக்கு அளவு புரியும். 5 அங்குலத் தடத்தோடு ஒப்பிட்டால், 1067ஐ 127ஆல் வகுக்க 8.4.

படம் எடுப்பதென்றால் ஏறாமல் கீழே நின்று எடுங்கள். இங்கே சூரியன் வடக்கு வானத்தில் போகிறது, அதனால் தடத்துக்கு வடக்கே நின்றால் வெளிச்சம் எஞ்சின் மேல் விழும். குனிந்து, போனை முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்தால் குட்டி எஞ்சின் பெரிய எஞ்சின்போலத் தெரியும். வளைவின் உள்பக்கம் நில்லுங்கள், முழு ரயிலும் ஒரே படத்தில் வரும்.

எல்லாம் முடிந்ததும் உடனே கிளம்பாமல் பத்து நிமிஷம் இருந்தால், தீயை இறக்குவதையும், கொதிகலனில் மிச்சமிருக்கும் தண்ணீரை வால்வைத் திறந்து வெளியே அடிப்பதையும் பார்க்கலாம். உள்ளே படியும் கசடு அதோடு போய்விடும். சத்தம் பெரிது, ஆவி பக்கவாட்டில் பாயும். டிரைவர் நிற்கச் சொல்லும் கோட்டுக்குப் பின்னால் நின்று, பிள்ளையின் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் துணியை நேரே தண்ணீரில் போடாதீர்கள். புகைபோக்கியிலிருந்து தெறித்த கருப்புப் பொட்டுகளில் கரியும் சிலிண்டர் எண்ணெயும் கலந்திருக்கும். நனைத்துத் தேய்த்தால் இழைக்குள் ஏறிவிடும். முதலில் காய்ந்த துணியை வெளியே நன்றாக உதறுங்கள். பிறகு பொட்டின் மேல் பாத்திரம் கழுவும் திரவத்தைத் துளித்துளியாக விட்டு, கால் மணி ஊறவிட்டு, பின்புறத்திலிருந்து வெந்நீர் ஊற்றி அலசுங்கள். அதன்பிறகு மெஷினில் போடலாம்.